மோட்டர் நிற்கவில்லை

உப்புத் தண்ணீரில் விழுந்த மோட்டரை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், ஐயா. உங்கள் பொலிஸ் வளவில் வேப்பமரத்தடியில் அதைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கயிற்றை நாலைந்து தரம் இழுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன் மறுபடியும் இறுகிவிடும். நான் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

என் பெயர் நல்லரத்தினம். நாவற்குடாவில் போட் மோட்டர் திருத்துகிறேன். எல்லோரும் பாஸ் என்பார்கள். அந்த மோட்டர் மதுரனுடையது. முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்து செத்துப்போன அதே மதுரன்தான். பழைய மோட்டர் நடுவழியில் நின்றுவிட்டது, அதனால் வந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்களாம். அதைத் திருத்தத்தான் வந்தேன். என்னை யாரும் கூட்டிவரவில்லை.

அவன் கொண்டுவந்தபோது அது மோட்டரே இல்லை. யாருடையதோ கோழிக்கூட்டுக்குப் பின்னால் வருடக்கணக்காகக் கிடந்த இரும்பு.

“இது இனிக் கிளம்புமா பாஸ்?” என்றான்.

“விட்டிட்டுப் போ மனே, பாப்பம்” என்றேன்.

டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். ஒவ்வொரு நாளும் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். பலமாக அடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும். ஒருநாள் காலையில் அது ஒரு மயிரிழை அசைந்தது. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு கல்லாகியிருந்தது. சைக்கிள் கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். பீப்பாய்த் தண்ணீருக்குள் நிறுத்திக் கயிற்றை இழுத்த அன்று, இரண்டாவது இழுவையிலேயே பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி புஸ்பம் செத்த அன்று நான் அழவில்லை என்று சொந்தக்காரர் இன்னும் கதைக்கிறார்கள்.

பாலமீன்மடுத் துறையில் மோட்டரைப் போட்டில் பூட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். நானும் போயிருந்தேன். துறையில் நின்றவர்கள், செத்த மோட்டரை எப்படி எழுப்பினாய் என்று அவனைத்தான் கேட்டார்கள்.

“ஒண்டுமில்ல கா. பிளக்குக்குள்ள உப்பு. பாஸ் தட்டிக் கிளப்பித் தந்தார்” என்றான். பிறகு அதன் தலையில் தட்டிச் சிரித்தான். “இந்த வருசம் மட்டும் ஓடட்டும். பிறகு இதை இரும்புக்குக் குடுத்திட்டுப் புதுசு எடுக்கிறன்.”

நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, ஐயா. வாயில் வந்ததைப் பேசுகிறவன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. கையில் பிடித்த தேநீர் ஆறிப்போகும்வரை குடிக்க முடியவில்லை.

மழை வெள்ளம் வாவியிலிருந்து கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்ட பிறகு அவன் மறுபடி வந்தான். கடலுக்குப் போகப் போவதாகவும் மோட்டரை ஒருதரம் பார்த்துத் தரும்படியும் கேட்டான். பார்த்துக் கொடுத்தேன்.

தண்ணீருக்குள் சுழலும் விசிறியைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பின்தான். விசிறி கல்லில் மோதினால் பின் முறிந்து உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைக் காப்பாற்றும். முறிந்தால் உடனே மாற்றிப் போட, மோட்டரின் மேல்மூடிக்குள் வேறு பின்கள் இருக்கும். நான் நல்ல பின்னைக் கழற்றிவிட்டு, அலுமினியக் கம்பியில் ஒன்று வெட்டி, நடுவில் அரத்தால் தேய்த்துப் போட்டேன். வாவிக்குள் மெதுவாக ஓட அது தாங்கும். முகத்துவாரத்து அலையை ஏற முழு வேகம் கொடுத்தால் தாங்காது. அங்கே யாரும் மெதுவாகப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். மூடிக்குள் இருந்த பின்களையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டேன். இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். மோட்டரில் வேறெங்கும் நான் கைவைக்கவில்லை.

அன்று காலை நான் முகத்துவாரத்துக்குப் போனேன். அவன் மனைவி விதுர்ஷா கரையில் நின்றாள். அவன் போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவள் கிட்ட வந்தாள்.

“மாமா, இந்த மோட்டரை நம்பி இவர் வெளியால போகலாமோ? எனக்கு நெஞ்சு பதறுது.”

பின்கள் என் சட்டைப் பையில் இருந்தன. கையைத் தட்டிக் கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும்.

“ஓம் மகள். மோட்டரை நம்பலாம்” என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

முதல் அலையை ஏறினான். இரண்டாவதையும் ஏறினான். அந்த அலுமினியப் பின் தாங்கிவிடுமோ என்று நினைத்தேன். மூன்றாவது அலையின் அடியில் வேகத்தைக் கூட்டினான். மோட்டரின் சத்தம் சட்டென்று மேலே போனது. இழுக்கப் பாரமில்லாத மோட்டர் அப்படித்தான் கத்தும். போட் முன்னே போகவில்லை. மெல்லத் திரும்பி அலைக்குக் குறுக்கே நின்றது.

“ஏன் மாமா கிறுகுது? ஏன் கிறுகுது?” என்று விதுர்ஷா என் கையைப் பிடித்தாள்.

அவன் குனிந்து மூடியைத் திறப்பது தெரிந்தது. பின்னைத் தேடினான். அப்போது அடுத்த அலை வந்தது.

அலை இரைச்சலில் மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போட் ஓடாவிட்டால் மோட்டர் நின்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள். செத்தவீட்டில் விதுர்ஷா நெஞ்சில் அடித்துக்கொண்டு, “பாழாய்ப்போன மோட்டர் நிண்டு என்ட மனிசனைக் கொண்டுபோயிற்று” என்று அழுதாள். கூடியிருந்த சனமெல்லாம் ஆமாம் போட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வராமல் போனது.

விசிறியைக் கழற்றிப் பாருங்கள், முறிந்த துண்டு உள்ளே இருக்கும். மதுரனைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். போட் கவிழும்வரை மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விதுர்ஷாவிடமும் யாராவது போய் அதைச் சொல்லிவிட வேண்டும், ஐயா. நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.