குதிகாலால் மூன்று தட்டல்

எங்கள் ஒத்திகை அறையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: காட்சியை இயக்குநர் மட்டுமே நிறுத்துவார். தேநீர் ஆறினாலும், தொலைபேசி அலறினாலும், நான் கைதட்டும்வரை எல்லாம் தொடரும். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

நாடகம் பழைய கிரேக்கக் கதை. போர்க்கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டி, அரசன் தன் மகளைப் பலியிடுகிறான். சபித்துவிடுவாளோ என்றஞ்சி அவள் வாயைக் கட்டுகிறான். அவளுக்குக் குரல் தருவதே என் மறுவாசிப்பின் நோக்கம். அதை இன்றும் நம்புகிறேன்.

மகளாக நடித்தவள் என் தங்கை. சிறுவயதிலிருந்தே மூச்சுத்திணறல் உள்ளவள். பிழைத்துவிட்டாள், பேசவும் முடியும் என்கிறார் மருத்துவர். என்னைக் கண்டால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

முதலில் நாங்கள் இருவர் மட்டுமே ஒத்திகை பார்த்தோம். வாயும் கைகளும் கட்டப்பட்டிருப்பதால், முடியாதபோது குதிகாலால் தரையில் மூன்று முறை தட்டுவதாக ஏற்பாடு. நான்கு முறை தட்டினாள். நான்கு முறையும் அவிழ்த்தேன். கடைசி முறை, அவிழ்ப்பதற்கு முந்தைய கணத்தில், நான் தேடிய உண்மை அவள் கண்களில் இருந்தது. அவிழ்த்ததும் போய்விட்டது.

கூட்டமாக நின்று கதைக்குக் குரல்கொடுக்கும் கோரஸ் பெண்கள் அறுவரும் சேர்ந்தபோது சிறு மாற்றம் செய்தேன். அவள் மூன்று முறை தட்டினால் அவர்களும் மூன்று முறை தட்ட வேண்டும். ஒருத்தியின் வலியை மற்றவர்கள் ஏந்திக்கொள்வதாகப் பொருள். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"துணிய எப்பக்கா துவைச்சே? இந்த நாத்தத்துக்கே பொண்ணு செத்திருப்பா. ராஜாவுக்குக் கத்தி எதுக்கு?" என்றாள் தங்கை. பெண்கள் சிரித்தார்கள். பிறகு என் காதருகே வந்து, "எனக்கு நிஜமாவே முடியலன்னா?" என்று கேட்டாள்.

"நான் பாத்துக்கிட்டேதானடி இருப்பேன்."

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தட்டினாள், தட்டினார்கள். மீண்டும் தட்டினாள், இன்னும் ஓங்கித் தட்டினார்கள். அவள் தட்டுவது நிறுத்தச் சொல்லும் சைகை என்று அவர்களுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. ஒன்பதாவது சுற்றில் அவள் முகம் நீலம் பாரித்தது. நடிப்பல்ல என்று தெரிந்தது. தெரிந்துதான் கைதட்டாமல் இருந்தேன். பதினொன்றாவது சுற்றில் கோரஸ் மட்டுமே தட்டியது.

மூலையில் பலியுடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த தையற்காரம்மா எழுந்தார். அளவு கேட்பதைத் தவிர அந்த அறையில் அவர் வாய் திறந்ததில்லை.

"நிறுத்துங்கடி. புள்ளைக்கு உயிர் போகுது, இந்தம்மா நின்னு வேடிக்கை பாக்குது."

என் அனுமதிக்குக் காத்திராமல் கத்தரிக்கோலால் துணியை வெட்டினார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அரை நிமிடம் முந்திவிட்டார், அவ்வளவுதான்.