நேர்ந்துவிட்ட கோழிகள்

பட்டணம் போகிற ரயில் செவ்வாப்பேட்டையில் காரணமே இல்லாமல் நின்று உயிரை வாங்கியது. எதிர்ப் பலகையில் இரண்டு பெண்கள். முட்டைக் கூடையை மடியில் வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

“எங்க ஊட்டுக் கோழி எல்லாத்தையும் எல்லையம்மனுக்கு நேர்ந்து உட்டுட்டேன்க்கா.”

“எல்லாத்தையுமா? யாருக்குடி ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. எங்க நாத்தனார் வந்தா ஒரு கோழி காலி. போன வாட்டி கருப்பிய அடிச்சிட்டாங்க. குஞ்சுங்க தாயத் தேடிக் கத்திக்கினே இருந்துச்சிங்க. நான் சோறே துன்னல.”

“ஒரு கோழிக்காடி?”

“ரெக்கைக்குள்ள குஞ்சுங்கள வச்சிக்கினு அது உக்காந்திருந்தத நீ பாத்திருந்தா நீயும் துன்ன மாட்ட.”

“சரி, அப்புறம்?”

“சாமிக்கு நேர்ந்தத எங்க ஊட்டுக்காரு தொட மாட்டாரு. நேத்து அவ வந்தா. பருப்புக் கொழம்பு ஊத்தனேன். கோழிங்க அவ எதிர்லயே மேஞ்சிக்கினு இருந்துச்சிங்க. அந்த மூஞ்சப் பாக்கணுமே!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முட்டைகள் தப்பித்ததே பெரிது.

“ஆடி வந்தா அம்மனுக்கு அறுக்கணுமே. அப்ப இன்னா பண்ணுவ?” என்றாள் மூத்தவள்.

சிரிப்பு நின்றது. இளையவள் கூடையின் வைக்கோலைச் சரிசெய்தாள். ரயில் நகரும் வரைக்கும் யோசித்தாள்.

“‘அடுத்த ஆடிக்கு எடுத்துக்கோ தாயே’ன்னு கேப்பேன். சரின்னுடுவா. அவ இன்னா என் நாத்தனாரா?”