எந்தக் கயிற்றிலும் துணி இல்லை

கூட்டத்தை நடத்தித் தரும் குடியிருப்போர் சங்கத் தலைவர் பரசுராமன் அவர்களே, துறைமுகத்தில் மூட்டை சுமந்து தோள் தேய்ந்த பெரியவர்களே, மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் மினி லாரியின் மேலேறி நிற்கும் இளைஞர்களே, மூன்றாவது வரிசையில் அமர்ந்து என்னைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத நண்பரே, உங்களுக்கும் சேர்த்து, வணக்கம்.

நான் பத்திரிகைக்காரன், அதனால் முதலில் செய்தி. அலைமுகம் அறக்கட்டளையின் நிர்வாகி தீபன் இன்று பிற்பகல் தொலைபேசியில் என்னிடம் உறுதி செய்தது இது. எண்ணூர் சுவரோரத் தெருவில், மூச்சுத்திணறும் குழந்தைகளுக்கு மருந்தை ஆவியாகக் கொடுக்கும் அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட களப்பணியாளர் மதி இன்னும் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். மதி ஒரே ஒரு பெயரைச் சொன்னால் இரண்டும் மாறும். "இதை உங்கள் பெயர் போட்டே எழுதலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார்.

தாராளம்! குழந்தையின் மூச்சைப் பூட்டி வைத்துவிட்டுத் தாராளம்!

என்ன பெயர்? யாருடைய பெயர்? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுவரோரத் தெரு ஓர் ஆலையின் மதிலை ஒட்டிய தெரு. அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் அந்த ஆலைக்குள்தான் ஒப்பந்த வேலை. கேட் பாஸ் இருந்தால் உள்ளே, பாஸ் போனால் வெளியே. சில சாயங்காலங்களில் ஆலையிலிருந்து ஒரு நெடி கிளம்பும். கண் எரியும், தொண்டை அடைக்கும். சங்கு ஊதுமா? ஊதாது. அறிவிப்பு வருமா? வராது. ஆனால் உள்ளே இருக்கும் கணவனிடமிருந்து மனைவிக்கு ஒரு போன் வரும். "துணிய உள்ள எடுத்துக்கோ." அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது. ஒரு வீட்டு மாடிக் கயிறு காலியாகும். பக்கத்து வீடு பார்க்கும், எதிர்வீடு பார்க்கும், தெருவே துணியை எடுத்து, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துக்கொள்ளும். கோடி கோடியாய்ப் போட்டுக் கட்டிய ஆலை கொடுக்காத எச்சரிக்கையை ஒரு ஈரப்புடவை கொடுத்தது, ஐயா!

இதை மதியிடம் ஒரு தாய் சொன்னார். "யாராண்டயும் சொல்லிடாத மதி, அவரு பாஸு பூடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மதி வாக்குக் கொடுத்தார்.

பிறகு ஆலையை விரிவாக்குவது பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நானும் அங்கே இருந்தேன். "எங்கள் ஆலையில் கசிவு என்பதே நடந்ததில்லை" என்றார்கள். மதி எழுந்தார். "நடக்கவில்லை என்றால், உள்ளே வேலை செய்பவர்களே துணியை எடு என்று வீட்டுக்கு ஏன் போன் செய்கிறார்கள்?" என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது.

மதி தவறே செய்யவில்லை என்று வாதாட நான் வரவில்லை. பெயரை அவர் காப்பாற்றினார். வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அதை அவரே முதலில் சொன்னார், அந்தத் தாயின் வீட்டு வாசலில் நின்று. கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தெருவுக்குள் வரத் தொடங்கினார். தலையைத் தூக்கிக்கொண்டே வண்டி ஓட்டினார். எந்த வீட்டுக் கயிறு முதலில் காலியாகிறது என்று பார்த்தார்.

கம்பெனி பேரா? யாரப்பா அது, லாரி மேலே? "பேரச் சொல்லு தலீவா" என்கிறாயா? காற்றுப் பரிசோதனை அறிக்கை வரட்டும் தம்பி. வந்த அன்று என் செய்தியின் முதல் வரியிலேயே அந்தப் பெயர் இருக்கும். இறங்கி நில், விழுந்துவிடப் போகிறாய்.

அந்த அறையை நடத்துவது அறக்கட்டளை. அறக்கட்டளைக்குக் கொடையளிப்பது யார்? அதே ஆலை! நெடியும் அவர்களுடையது, மருந்தும் அவர்களுடையது. மதி கூட்டத்தில் கேள்வி கேட்ட பிறகு அறைக்குப் பூட்டு விழுந்தது, மதிக்குப் பணியிடை நீக்கம் வந்தது. தீபன் மதியை அழைத்துச் சொன்னது இதுதான்: "ஒரு குடும்பமா, ஒரு தெருக் குழந்தைகளா? நீங்களே முடிவு பண்ணுங்க. போன் பண்ணது யாருன்னு சொல்லிட்டா, நாளைக்கே அறையைத் திறந்துடலாம்."

கருத்தரங்குகளில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதை அறச்சிக்கல் என்பார்கள். சிக்கலா? முடிச்சுப் போட்ட கை மதிலுக்கு அந்தப் பக்கம். அவிழ்க்கச் சொல்வது மதியையா? நஞ்சைக் கக்கியவனுக்கு நிம்மதி, நியாயம் கேட்டவளுக்கு நீக்கமா? எத்தனை காலமாக இந்தக் கேள்வியை ஏழையின் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறீர்கள்?

மதி தெருத் தாய்மார்களைக் கூட்டி உள்ளதைச் சொன்னார். ஜீனத் வெடித்தார். அவர் பெயரைச் சொல்கிறேன், சொல்லச் சொன்னவர் அவர். அதற்கு முந்தின சாயங்காலம்தான் அவர் மகன் மஹீனுக்கு மூச்சு முட்டியது. பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை. பிள்ளையின் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த தாய் அவர்.

"இன்னா மதி பேசற? அவங்க வூட்டு ஆம்பள வேலைக்கு எம்புள்ள மூச்சா? பேரச் சொல்லிட்டு ரூம தொற!"

தவறா? அந்த ஆட்டோவில் நாம் இருந்திருந்தால் வேறென்ன பேசியிருப்போம்?

அப்போது, மதியிடம் வாக்கு வாங்கிய அந்தத் தாய் எழுந்தார். "சொல்லிடு மதி. இல்லாட்டி நானே போய் சொல்லிக்கிறேன். மஹீனு எனுக்கும் புள்ளதான்" என்றார். அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்தில் அவர் இருக்கிறாரா என்றும் சொல்லமாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! மூன்றாவது வரிசை நண்பரே, கைப்பேசியை என் பக்கமே வைத்திருங்கள்.

மதி சொன்னது ஒரே வரி. "வாக்கு குடுத்தது நானு. உன் சோத்துல கை வெச்சு எனக்கு வேல வேணாம்."

ஜீனத் நேரே மாடிக்குப் போனார். நல்ல வெயில், நெடியே இல்லாத மத்தியானம். காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் உருவி எடுத்தார். பக்கத்து வீடு பார்த்தது, எதிர்வீடு பார்த்தது. அன்று தொடங்கி அந்தத் தெருவில் எந்த மாடிக் கயிற்றிலும் துணி கிடையாது. எல்லாம் வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே. எந்த வீட்டுக்கு முதலில் போன் வருகிறது? இனி எவன் கண்டுபிடிப்பான்?

மேற்பார்வையாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா, இந்தத் தெருவுல யாரும் துணியே தொவைக்கறது இல்லியா?"

ஜீனத் வாசலில் நின்றபடி சொன்னார்: "தொவைக்கிறோம் நைனா. உங்க காத்துக்குப் பயந்து வூட்டுக்குள்ளயே காயுது. ஜட்டி எந்த வூட்டுதுன்னு உள்ள வந்து பாத்துகினு போறியா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். மஹீனுக்கு இன்னும் இளைப்பு நிற்கவில்லை. ஈரத்துணி காயும் அறைக்குள் அவன் இருமல் கூடியிருக்கிறது. அது ஜீனத்துக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தார். அந்தத் துணிவை இந்த மேடையில் நின்று புகழ எனக்கு நா எழவில்லை, தோழர்களே, எனக்கு ஆத்திரம்தான் வருகிறது! ஒரு தாய் இப்படித் துணிய வேண்டிய நிலையை உண்டாக்கியவன் எவன்? அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை மதியிடம் கேட்கும் விசாரணை என்ன விசாரணை?

நிலுவையில் இருப்பவை இரண்டு. அறக்கட்டளை அலுவலகத்தில் மதி மீதான விசாரணை, வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. காற்றுப் பரிசோதனை அறிக்கை இம்மாத இறுதிக்குள் வரும் என்று கருத்துக்கேட்பை நடத்திய அதிகாரி சொல்லியிருக்கிறார். அறை எப்போது திறக்கும் என்று தீபனிடம் கேட்டேன். அதற்கு மட்டும் அவரிடம் தேதி இல்லை.

வியாழக்கிழமை மதி பெயர் சொல்லப் போவதில்லை. அதை என்னிடம் அவரே சொன்னார். அந்த அலுவலக வாசலில் நாம் நிற்கிறோமா இல்லையா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி என்று முடிப்பது மேடை வழக்கம். நீங்கள் பொறுமையாகக் கேட்கவில்லை. அதற்குத்தான் என் நன்றி. வியாழக்கிழமை பார்ப்போம். வணக்கம்.