மாடியில் மினி ஹால்

இல்ல சார், கேன்சல்னு எழுதாதீங்க. அடிச்சிட்டு வேற எழுதுங்க. கேன்சல் வேற, கீழ எறங்குறது வேற. பெரிய ஹால் வேணாம், மாடியில இருக்கிற மினி ஹால் போதும்னுதான் சொல்றேன். அதே நாள், அதே முகூர்த்தம், அதே பொண்ணு. கட்டின ரெண்டு லட்சத்துல மினி ஹாலுக்கு எம்பதாயிரம் போக, மீதி ஒண்ணு இருவதைக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவேன். மூணு மணிக்கு அடையாறுல இருக்கணும்.

நூத்தம்பது பேர்தான் உக்காரலாமா? தெரியும் சார். மேல போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஃபேன் நல்லா சுத்துது.

கஷ்டமா? எனக்கா? அட, நீங்க வேற. இதுக்குப் பேரு கட்டுப்பாடு. நான் போக்கர் ஆடுறவன் சார். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? சீட்டுன்னாலே குடிச்சிட்டுக் கத்துவாங்கன்னு நெனப்பு. அடையாறு காந்தி நகர்ல வெங்கடேஷ்னு ஒரு ஆடிட்டர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் ஃபிளாட்லதான் ஆட்டம். டிகிரி காபி, மிக்சர். ஹபீபுர் ரஹ்மான் பாய் தொழுகைக்கு எந்திரிச்சா, சீட்டைக் கவுத்து வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருப்போம். அவ்வளவு மரியாதையான இடம். அய்யாதுரை அண்ணாச்சி, நீங்க சீட்டாட வரல, சீட்டுக் கம்பெனி நடத்த வந்திருக்கீங்கன்னு வெங்கடேஷ் என்னைக் கேலி பண்ணுவாரு.

ஏன்னா நான் அவ்வளவு கறார். கையில இருக்கிறதை இருவது பங்கா பிரிச்சுக்கணும். ஒரே ஒரு பங்குதான் ஆட்டத்துக்கு. அது சட்டைப் பையில. மத்த பத்தொம்பதையும் தொடவே கூடாது. உள் ரூம்ல உக்காரப் பத்தாயிரம். அப்போ மொத்தம் ரெண்டு லட்சம் வச்சிருக்கணும். ஒரு லட்சமாக் கொறஞ்சிருச்சா? பேசாம எந்திரிச்சு பால்கனிப் பக்கம் போய் அஞ்சாயிரம் டேபிள்ல உக்காந்துக்கணும். வெக்கப்படக் கூடாது. எறங்கத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன். உங்க பெரிய ஹால், மினி ஹால் மாதிரிதான்னு வச்சுக்குங்களேன்.

பதினோரு வருஷம், ஒரு நாள் மீறினதில்ல.

ஜெயிச்சேனாவா? கேள்வியே தப்பு சார். விதியைக் காப்பாத்தினேனான்னு கேளுங்க.

அப்புறம், ஆட்டக் காசு தீந்து போச்சுன்னா வெளிக் காசைக் கொண்டாந்து கலக்கக் கூடாது. அது சூதாடிங்க பண்ற வேலை. நான் புதுக் கணக்கு போட்டுருவேன். புது நோட்டு, நாலு மூலையிலயும் மஞ்சள். மொதக் கணக்கு ஆறு வருஷம் ஓடுச்சு. ரெண்டாவதுக்கு, பாத்திரக் கடையில என் பங்கைத் தம்பி முத்துகிருஷ்ணனுக்கு எழுதிக் குடுத்தேன். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துலதான். நல்லா நடத்துறான், நான் இருந்ததுக்கு இப்போ வியாபாரம் ஜாஸ்தி. அதுவும் போன மாசத்தோட முடிஞ்சுது.

மூணாவதா? இன்னிக்குத்தான் ஆரம்பம்.

பத்திரிகையெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. எழுநூறு. பெரிய ஹால்னுதான் அச்சடிச்சிருக்கு. அதனால என்ன, ஒரே பில்டிங்தானே? வாசல்ல ஒரு அம்புக்குறி போட்டு விடுங்க, ஏறி வந்துறப் போறாங்க. தூத்துக்குடியில இருந்து வர்ற சம்பந்தி மொறைக்கத்தான் செய்வாரு. அவருக்கு எறங்கத் தெரியாது, பாவம்.

ரசீது லாவண்யா பேர்லயா? ஆமா, எம் பொண்ணு. கல்யாணப் பொண்ணேதான். பெருங்குடியில வேலை. அவதானே கட்டினா. மூணு வருஷமா சம்பளத்துல சேத்து வச்சது. அப்பா, ஒங்களுக்கு ஒரு செலவும் வேணாம், நீங்க வந்து தாரை வாத்துக் குடுத்தாப் போதும்னு சொல்லிட்டா. நல்ல புள்ள.

போன் போடாதீங்க சார். அவங்கம்மாவோட சேலை எடுக்கப் போயிருக்கா. பாண்டி பஜார் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. சாயந்தரம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன். இல்ல, அதுக்கு அவசியமே இல்லாமக்கூடப் போகலாம். நாளைக்கே நான் வந்து பெரிய ஹாலையே திருப்பிக் கேட்டாலும் கேப்பேன். ரெண்டு நாள் வேற யாருக்கும் குடுத்துறாதீங்க.

ஜிபே வேணாம். அது நேரா அவ அக்கவுண்ட்டுக்குப் போயிரும். கேஷாவே குடுங்க.

அவ கையெழுத்து வேணுமா? பேனாவைக் குடுங்க. தமிழ்லதான் போடுவா. ஒண்ணாங்கிளாஸ்ல நான்தான் கையைப் பிடிச்சு எழுத வச்சேன். கடைசி எழுத்துல ஒரு சுழி சேத்துப் போடுவா. இந்தாங்க.

அம்பதாயிரம் கட்டு ரெண்டும் அப்படியே இருக்கட்டும், பேங்க் சீல் இருக்கு. உதிரியை மட்டும் எண்ணிக்கிறேன். எல்லாம் ஐந்நூறுதானே? லாபம், ரெண்டு, மூணு… கடைக்காரங்க பழக்கம் சார், ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம்… நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து. இது சட்டைப் பைக்கு.

மிச்சம் முப்பது நோட்டுக்கு ஒரு கவர் இருந்தாக் குடுங்க சார். மொய்க் கவர்னாலும் பரவால்ல.