ஆடிக் காத்துக்குப் பாடும் தூணு

தேவேந்திரன்: ஊதாங்குழல் எங்கம்மே? அடுப்பு பொகையுது.

கன்னிகா: அட்டைய எடுத்து விசிறுய்யா. இட்லிக்கடைக்காரி புருசனுக்கு இதுகூட சொல்லித் தரணுமா?

தேவேந்திரன்: ஒரு வாரமா விசிறிக்கினுதானே கீறேன். குழல் எங்க போச்சி?

கன்னிகா: எங்கியோ... பூனை இழுத்துக்கினு போயிருக்கும்.

தேவேந்திரன்: இரும்புக் குழலையா?

கன்னிகா: நம்மூர் பூனைக்கு இன்னா கொழுப்புன்ற! அத்த வுடு. பழைய மண்டபமெல்லாம் ஆராயற அந்த திருப்பதி மேடம் எங்க வராங்களாம்?

தேவேந்திரன்: புத்தூர்ல பஸ் ஏறிட்டாங்கன்னு ஊர்த் தலைவரு, நம்ம சர்பஞ்ச், போன் பண்ணாரு. மைக்கு, காதுல மாட்ற மிசினு எல்லாம் எடுத்தாறாங்களாம்.

கன்னிகா: வரட்டும். மண்டபத்துத் தூணு பாடறது நெசந்தான்னு அவங்க எழுதிட்டா, புது ரோடு மண்டபத்த சுத்திக்கினு போவும். ஒட்டிக்கினு கீற நம்ம கடையும் தப்பிச்சிக்கும்.

தேவேந்திரன்: பாடலைன்னா?

கன்னிகா: வாயக் கழுவு! பாடலைன்னா நாளைக்கு ஜேசிபி வரும். அம்மா வூட்லயும் எனக்குன்னு ஒரு எடம் இல்ல, உங்க வூட்லயும் இல்ல. இந்த நெழலு ஒண்ணுதான்யா எனுக்கு.

தேவேந்திரன்: இல்லம்மே... கல்லுதானே. ஒரு நாள் பாடும், ஒரு நாள்...

கன்னிகா: ஒரு மாசமா பாடுது! ஊரே மஞ்சா பூசி தேங்கா ஒடைக்குது. இன்னிக்கி மட்டும் பாடாதா? ஆமா, உனுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?

தேவேந்திரன்: அடுப்பு சூடு.

கன்னிகா: அடுப்பே இன்னும் எரியலையே.

தேவேந்திரன்: இரு, இன்னும் கொஞ்சம் விசிறிட்டு வரேன்.

கன்னிகா: நானே சொல்லட்டுமா? தூணு சந்துல காலி பாட்டில ஒளிச்சி வச்ச. எனுக்குத் தெரியாம குடிச்சிட்டு, என் கடையிலியே! ஆடிக் காத்து பட்டு அது ஊஊன்னு கத்த, நம்மூர் அம்மன் கங்கம்மாவே பாடறான்னு ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சி. நீயும் கூட நின்னு போட்டுக்கின!

தேவேந்திரன்: அய்யய்யோ... எப்பக் கண்டுபிடிச்ச?

கன்னிகா: போன வாரம். நாத்தமே காட்டிக் குடுத்துச்சி. எடுத்து ஏரில வீசிட்டேன்.

தேவேந்திரன்: அப்புறமும் பாடிக்கினுதானே இருந்துச்சி?

கன்னிகா: அது... அம்மன் அருள்.

தேவேந்திரன்: அம்மன் அருளா, இல்ல நம்ம பூனை அருளா?

கன்னிகா: தெரிஞ்சிக்கினுதான் குழல் எங்கன்னு கேட்டியா, திருட்டு ஆளே! ஆமாய்யா, நான்தான் சொருவினேன். என் கடைக்காக நான் எத்த வேணா சொருவுவேன்.

தேவேந்திரன்: மேடம் டார்ச் அடிச்சிப் பாத்தா?

கன்னிகா: மஞ்சா பூசின தூணுக்குள்ள எவ டார்ச் அடிப்பா? ஸ்ஸ்... பஸ் வந்துடுச்சி. அதோ எறங்கிட்டாங்க. நேரா தூணுகிட்டதான் போறாங்க.

தேவேந்திரன்: கன்னிகா... ஒண்ணு சொல்லணும்...

கன்னிகா: சும்மா கெட! காத்து வருது. கேளு... கேளுய்யா! ஊஊஊன்னு... இன்னா கொரலு! எப்பவும் விட நல்லா பாடுது. மேடம் காத வச்சிக்கினு "பாகுந்தி, பாகுந்தி"ன்னு தெலுங்குல மெச்சிக்கினு தலையாட்றாங்க பாரு! கடை தப்பிச்சிதுய்யா! இன்னா, பேய் அறைஞ்ச மாரி நிக்கிற? என் ஊதாங்குழல் பாடறது புடிக்கலையா?

தேவேந்திரன்: மேடம் பாத்துட்டா மானம் போயிடும்னு பாட்டில எடுக்க விடியக்காலையே போனேன்மே. பாட்டில் இல்ல, குழல்தான் இருந்துச்சி. உருவிட்டேன்... இதோ, என் துண்டுல சுத்தி வச்சிக்கினு கீறேன்.