அவள் வண்டிக்கு நான் எடுத்த ஆயில்

காலையில் எழுந்ததும் முகம் கழுவிவிட்டுப் பாலை அடுப்பில் வைப்பேன். பால் காய்வதற்குள் வெளியே போய், உங்கள் தங்கையின் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவேன். ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதிலிருக்கும் குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு மட்டம் பார்ப்பேன். அவள் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நிற்பாள்.

“என்ன டாக்டர், பேஷன்ட் பொழைக்குமா?”

“கஷ்டம்தான். சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க.”

தினமும் இதே பேச்சு. தினமும் சிரிப்பாள். இப்போதும் காலையில் பால் வைக்கிறேன். வெளியே போவதில்லை.

மச்சான், நாளை ஸ்டேஷனுக்கு வந்து அவள் மேல் மோதிய லாரியின் டிரைவருக்கு எதிராக வாக்குமூலம் கொடுக்கச் சொன்னீர்கள். “அவனை மட்டும் விடக்கூடாது மாப்ள. அவன் வெளிய நடமாடுனா நான் சோறு திங்கறதுல அர்த்தமே இல்ல” என்றீர்கள். அதற்கு முன் ஆயிலைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உதிரிபாகக் கடையில் ஆயில் அலமாரி என் பொறுப்பு. வேதியியல் படித்தவன் என்பதால் முதலாளி அதை என் தலையில் கட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் எது நல்ல ஆயில் என்றுதான் கேட்பார்கள். நல்ல ஆயில் என்று தனியாக எதுவும் இல்லை. அந்தந்த வண்டிக்குப் பொருந்துகிற ஆயில்தான் உண்டு. உசத்தியான சரக்கு என்று நினைத்துக் கார் ஆயிலைக் கேட்கிற பைக்காரர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரில் கிளட்ச் தனியாக, ஈரம் படாமல் இருக்கும். அவளுடையதைப் போன்ற பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். அது பைக்குக்குள் போனால் கிளட்ச் பிடிக்காது, வழுக்கும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில் முறுக்கினால் எஞ்சின் அலறும், வண்டி நகராது.

அவளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. அறை எடுத்துத் தங்கப் போவதாகச் சொன்னாள். பஸ்ஸில் போ என்றேன். வண்டி இருந்தால்தான் வாராவாரம் என்னிடம் ஓடி வர முடியும் என்றாள். நான் நம்பவில்லை. வீட்டைவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் என் தோளைத் தட்டி, “ஆசப்படுறா, விடுங்க மாப்ள” என்றீர்கள். விடுகிறேன் என்றேன்.

வேலை கிடைப்பதற்கு முன்பே, முதல் நேர்காணல் அன்று காலை அவள் வண்டியின் டயரில் காற்று இல்லை. அடுத்த தடவை சாவியைக் காணவில்லை. அலமாரிக்கு அடியிலெல்லாம் படுத்து அவளோடு சேர்ந்து நானும் தேடினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு முறையும் அவள் ஆட்டோ பிடித்து, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டு வாசலில் தடுத்துப் பயனில்லை, பாதி வழியில்தான் தடுக்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் ஆயில் மாற்றினேன். கடையில் கார் ஆயில் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் படித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அவள் வண்டியின் மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால் எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் வராததாக எடுத்தேன். சந்தேகமிருந்தால் ஸ்டேஷனில் கிடக்கும் வண்டியிலிருந்து ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஏற்றத்திலேயே வண்டி இழுக்காது, திரும்பிவிடுவாள், சேரும் நாள் தவறிப்போகும், வேலை வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு நாள் அழுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

லாரி டிரைவர் முதல் நாளிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்ததாகவும், கீழேயிருந்து வந்த பெண் முன்னால் போன டிராக்டரை முந்த வெளியே வந்ததாகவும், வண்டி கத்தியதே தவிர முன்னால் போகவில்லை என்றும். கதை விடுகிறான் என்றீர்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதுவரை படித்துவிட்டு, கிறுக்குத்தனமாக எதையோ செய்து தொலைத்துவிட்டான், இப்படி ஆகுமென்று அவனுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள நானும் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

மலையடிவாரத்திலிருந்து அவள் எனக்குப் போன் செய்தாள். அந்த அழைப்பைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று அத்தையிடம் சொன்னேன். அதையே சொல்லிச் சொல்லி அத்தை அழுகிறார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஏற்றம் தொடங்கியதுமே வண்டி இழுக்கவில்லை என்றாள். முறுக்கினால் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது, வண்டியை அங்கே விட்டுவிடுகிறேன், மலைக்குப் போகிற பஸ் எதிரிலேயே நிற்கிறது, ஏறிவிடட்டுமா என்று கேட்டாள். பஸ்ஸின் ஹாரன் சத்தம் எனக்கும் கேட்டது.

பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

கிளட்ச் கேபிள் கொஞ்சம் லூசாகியிருக்கும், ஆபத்து ஒன்றும் இல்லை, தாராளமாக ஓட்டலாம் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வண்டி அடியோடு நின்றுவிடும், அங்கே பஸ் நிற்காது, என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சாலையில் வழுக்கும் கிளட்சோடு எதையாவது முந்தப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அலமாரியின் முன்னால் நின்று அதை எத்தனையோ பேருக்கு எச்சரித்தவன் நான். அவளைப் போகவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

அவள் சொன்னாள்.

“சரிப்பா. பஸ் கெளம்புது, போகட்டும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”