மாலிக் பாய் வண்டியில இருந்த தண்ணி

நாராயணசாமி: அதெல்லாம் இருக்கட்டும் மாலிக் பாய். ஒரு வாய்த் தண்ணி... ஒரே ஒரு வாய் குடுத்தாப் போதும்.

மாலிக்: இந்தா, இங்க வந்து பாரேன். பேட்டரி மேல வெள்ளையாப் பூத்திருக்கு பாரு. இத அப்படியே விட்டா கரண்டு சரியாப் போவாது. வெந்நீர்ல சோடா உப்பக் கரைச்சு...

நாராயணசாமி: நான் என்ன கேக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?

மாலிக்: ...கழுவித் துடைச்சு, கம்பி மாட்டுற எடத்துல கிரீஸ் தடவிடணும். அப்புறம் பூக்காது.

சந்திரகலா: அவரு சொல்றதையும்தான் கேளுங்களேன்.

நாராயணசாமி: நீ புள்ளையப் பாரு, வெயில் படுது. பாய், அன்னிக்கு நீங்க இல்லன்னா என் பொண்டாட்டியும் இல்ல, அவ கையில இருக்கிறதும் இல்ல. அரியாங்குப்பத்துல மாமியார் வீட்டுல இடுப்பு வலியோட உங்க வண்டியில ஏத்துனப்பவே இவளுக்குக் கண்ணு சொருகிடுச்சு. பாலத்துக்கிட்ட மாட்டுவண்டியா நின்னு வழிய அடைச்சுக்கிச்சு. உங்க வீட்டு பாத்திமாக்கா மட்டும் மக்காவுலேர்ந்து வந்த அந்தத் தண்ணிய ஊட்டலன்னா...

மாலிக்: பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கைராசிப்பா அது. கும்பிடணும்னா அவங்களக் கும்பிடு.

நாராயணசாமி: கும்பிட்டாச்சு. வாழைத்தாரு கொண்டுபோய் குடுத்தாச்சு. உங்களுக்குத்தான் என்ன செய்யிறதுன்னே தெரியல.

மாலிக்: வண்டிக்குச் சொல்லு. தொட்டதும் கிளம்புச்சில்ல? நாலு வருஷப் பேட்டரிப்பா! பிரெஞ்சுக் கொடி எறங்குன வருஷம் வாங்கினது. இந்த ஊரு வெயிலுக்கு ரெண்டு வருஷம் வரும், மிஞ்சினா மூணு.

நாராயணசாமி: உங்களுது மட்டும் எப்படி?

மாலிக்: அப்படிக் கேளு! தெனம் வண்டிய ஓட்டணும். நிறுத்தியே வச்சா தானா எறங்கிப்போயிடும். ஆடாம இறுக்கி வைக்கணும். வாரா வாரம் மூடியத் தொறந்து பாக்கணும். உள்ள இருக்கிற தகடு முழுகி, மேல ஒரு விரக்கடை தண்ணி நிக்கணும்...

சந்திரகலா: கெணத்துத் தண்ணியா ஊத்துவீங்க?

மாலிக்: ஐயையோ! அதுல உப்பு இருக்கும், தகடு போச்சு! காய்ச்சி வடிச்ச தண்ணிம்மா. மருந்துக் கடையில பாட்டில்ல... சரி, அது கெடக்குது விடு.

நாராயணசாமி: தண்ணிப் பேச்சுக்கே வருவோம். நோணாங்குப்பத்துல எங்க அக்கா செல்வாம்பாளுக்குப் பத்து நாளாக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேங்குது. ‘உன் பொண்டாட்டியக் காப்பாத்துன தண்ணியக் கொண்டாடா, அது போதும்’னு மருந்தத் தூக்கி வீசிடுச்சு.

மாலிக்: என்னது... மருந்த வீசிட்டாங்களா?

நாராயணசாமி: பின்ன? நான்தான் ஊரு பூரா உங்க தண்ணி பெருமையச் சொல்லி வச்சிருக்கேனே.

மாலிக்: யா அல்லா...

நாராயணசாமி: ஏன் பாய் உக்காந்துட்டீங்க?

மாலிக்: அந்தத் தண்ணி இல்லப்பா.

நாராயணசாமி: தீந்துபோச்சா? அடியில ஒரு சொட்டுகூடவா...

மாலிக்: என்னைத் திட்டு, அடிக்கணும்னாலும் அடி. ஆனா முழுசாக் கேட்டுக்க. ஹாஜியார் மாமா மக்காவுலேர்ந்து கொண்டாந்த ஜம்ஜம் தண்ணிய ஒரு பழைய டானிக் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரு. பேட்டரித் தண்ணியும் அதே மாதிரி பாட்டில். ரெண்டும் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. எனக்கெங்க எழுத்துப் படிக்கத் தெரியும்? அன்னிக்குக் காலையில பேட்டரிக்குள்ள ஊத்தினேன் பாரு... அதுதான் ஜம்ஜம். பாட்டில் பூரா ஊத்திட்டேன்.

நாராயணசாமி: அப்ப... பாத்திமாக்கா இவளுக்கு ஊட்டினது?

மாலிக்: பேட்டரிக்கு ஊத்துற தண்ணி.

நாராயணசாமி: பேட்டரித் தண்ணியா!

மாலிக்: வெறும் தண்ணிதான்பா, கெடுதல் ஒண்ணும் இல்ல. மறுநாள் மிச்சத்த வாயில விட்டுப் பாத்தேன், ஜம்ஜம்னா லேசா உப்புக் கரிக்கும், இது சப்புன்னு இருந்துச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒன்றரை மாசமா இந்தப் பேட்டரியத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டு இருக்கேன். பாத்திமாகிட்டகூடச் சொல்லல. நீ என்னடான்னா புள்ளையத் தூக்கியாந்து என் கால்ல போட்டுட்டு அழுவுற... எந்த வாயால சொல்லுவேன்?

நாராயணசாமி: அடப் பாவி பாய்! நான் வேலை பாக்குற மில்லுல எத்தினி பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா?

மாலிக்: அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாருவோம். நானே அவங்க எதிருல நின்னு நடந்ததச் சொல்றேன். ஏறு வண்டியில!

நாராயணசாமி: ஏய் சந்திரகலா, கேட்டியா கூத்த? பேட்டரித் தண்ணியக் குடிச்சிருக்க! நீ என்னாடி சிரிக்கிற?

சந்திரகலா: எனக்கு அன்னிக்கே தெரியும். மொத வாய் உள்ள போனதும் கண்ணத் தொறந்தேன், பாட்டில்ல ஒட்டியிருந்த சீட்டுல ‘ஓ திஸ்திலே’, காய்ச்சி வடிச்ச தண்ணின்னு பிரெஞ்சுல போட்டிருந்துச்சு. அஞ்சு வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, அதுகூடவா தெரியாது? நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க, செல்வாம்பா அண்ணியும் நம்பமாட்டாங்க. பாய் வாயாலயே வரட்டும்னுதான் புள்ளையத் தூக்கிக்கிட்டு இன்னிக்குக் கூடவே வந்தேன். பாத்திமாக்கா என் தலைய மடியில வச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே ஓதி ஓதி ஊட்டினாங்க... அத எப்படிங்க வேணாம்னு சொல்றது? ரெண்டாவது வாய் நானாக் கேட்டுத்தான் குடிச்சேன்.